மேளம் நம்முடையது, முடிவு யாருடையது?

(கல்லூரி மாணவர்களுக்கான பறைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து அடித்து அடித்து உங்கள் கை காய்த்துப் போயிருக்கும். கொஞ்ச நேரம் பறையைக் கீழே வையுங்கள். நான் இன்று பேசப் போவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அணிவகுப்பு இசைக்குழுக்களைப் பற்றி. நம் ஊரில் 'பேண்டு' என்கிறோமே, அதுதான். குறிப்பாக, அங்கே கருப்பின மக்களின் கல்லூரிகளில் வளர்ந்த பேண்டைப் பற்றி.

பறை கற்க வந்த இடத்தில் அமெரிக்க பேண்டுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நீங்கள் இங்கிருந்து போய் உங்கள் கல்லூரியில் ஒரு குழு தொடங்கப் போகிறீர்கள். ஒரு குழு தொடங்கினால் அதற்கென்று ஒரு வழக்கம் வரும், நாலு வருடம் போனால் அந்த வழக்கமே மரபு ஆகிவிடும். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் கல்லூரிக்குள் மேளத்தோடு நுழைந்தால் என்னென்ன நடக்கும் என்பதை நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஜோதிராவ் புலே 1873இல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் கருப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். அந்தத் தொடர்பு பழையது.

2021 ஜனவரி 20 அன்று கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றார். அவருடைய தாத்தாவின் ஊர் என்று துளசேந்திரபுரத்தில் நடந்த பூசையை நம் தொலைக்காட்சிகள் காட்டின. அதே நாளில் வாஷிங்டனில் அவரை அழைத்துச் சென்றது, அவர் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மேளக்குழு. ஹோவர்டு கருப்பின மக்களின் பல்கலைக்கழகம். கோயில் மணிச் சத்தத்தைக் கேட்ட நாம் அந்த மேளச் சத்தத்தை எத்தனை பேர் கவனித்தோம்?

அந்தச் சத்தத்தின் கதையை 1739இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு செப்டம்பரில், தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற ஆற்றின் அருகே அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். கொடி பிடித்து, மேளம் அடித்து, அணியாகத் தெற்கு நோக்கி நடந்தார்கள். மேளச் சத்தம் கேட்டு வழியில் இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சியைத் துப்பாக்கியால் ஒடுக்கிய வெள்ளையர்கள் அடுத்த ஆண்டு, 1740இல், ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகள் கூட்டம் கூடக்கூடாது, எழுதக் கற்கக்கூடாது என்பதோடு, மேளம், கொம்பு போன்ற உரத்த ஓசைக் கருவிகளை வைத்திருக்கவும் கூடாது என்றது அந்தச் சட்டம். எழுத்தையும் மேளத்தையும் ஒரே சட்டத்தில் தடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டும் ஆட்களை ஒன்று சேர்க்கும் என்று ஆண்டைக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் நடந்தது இதன் மறுபக்கம். இங்கே ஒரு சாதியைப் பார்த்து, நீ அடித்தே தீரவேண்டும் என்றார்கள். சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, ஊர் அறிவிப்புக்கு அடி. ஆனால் வாசலுக்கு வெளியே நின்று அடி. அதனால்தான் தென்னார்க்காட்டுப் பகுதியில் இளையபெருமாள் போன்ற தலைவர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று போராடினார்கள். பறையைக் கீழே போட்டது அன்று சுயமரியாதை. அதே பறையை இன்று நீங்கள் விரும்பிக் கையில் எடுத்திருப்பதும் சுயமரியாதைதான். இரண்டுக்கும் முரண் இல்லை. அங்கே அடிக்காதே என்றார்கள், இங்கே அடி என்றார்கள். கை நம்முடையது, முடிவு அவர்களுடையது. இந்த முடிவு யார் கையில் இருக்கிறது என்பதுதான் இசையைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்தக் கல்லூரிகளுக்குள் போவோம்.

அமெரிக்கக் கல்லூரி பேண்டு ராணுவத்திலிருந்து வந்தது. 1862இல் வந்த ஒரு சட்டம், அரசு நிலம் பெற்றுத் தொடங்கும் கல்லூரிகளில் வேளாண்மை, இயந்திரவியலோடு ராணுவப் பயிற்சியும் கற்பிக்க வேண்டும் என்றது. பயிற்சிக்கு நடை வேண்டும், நடைக்குத் தாளம் வேண்டும். அப்படி வந்த மாணவர் பேண்டுகள் பின்னால் கால்பந்து மைதானத்துக்குள் நுழைந்தன. அவர்களுடைய கால்பந்து முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதன் நடுவே வரும் நீண்ட இடைவேளையில், டிரம்பெட், டிராம்போன், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் சூசபோன், மேளங்கள், ஜால்ராக்கள் என்று பெரிய அணி மைதானத்தில் இறங்கி, வாசித்துக்கொண்டே நடந்து எழுத்துகளாகவும் உருவங்களாகவும் நிற்கும்.

தெற்கு மாநிலங்களின் கல்லூரிகளில் கருப்பினப் பிள்ளைகளுக்கு இடம் இல்லை. 1890இல் வந்த இரண்டாவது சட்டம், அவர்களையும் சேர்த்துக்கொள் அல்லது அவர்களுக்குத் தனிக் கல்லூரி கொடு, அப்போதுதான் பணம் என்றது. தெற்கு மாநிலங்கள் எதைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சேரியைத் தள்ளி வைத்தது போலக் கல்லூரியையும் தள்ளி வைத்தார்கள். ஆனால் தள்ளி வைத்த இடத்தில் அந்த மக்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டினார்கள். பேண்டும் அதில் ஒன்று.

அது எளிதாக நடந்துவிடவில்லை. 'புளூஸ் இசையின் தந்தை' என்று பின்னால் பெயர் பெற்ற டபிள்யூ.சி. ஹேண்டி, 1900 முதல் 1902 வரை அலபாமாவில் கருப்பின மாணவர்களுக்கான வேளாண் கல்லூரி ஒன்றில் பேண்டு ஆசிரியர். அந்தக் கல்லூரியில் ஐரோப்பிய இசைக்குத்தான் மதிப்பு. தம் மக்களின் 'ராக்டைம்' இசை மட்டம் என்று கருப்பின நிர்வாகமே நினைத்தது. ஹேண்டி ஒரு வேலை செய்தார். ஒரு ராக்டைம் பாட்டை எடுத்து, ஹைத்தி நாட்டு அடிமைப் புரட்சியின் தலைவர் தூசான் லூவெர்தூருக்கு வாழ்த்து என்று கம்பீரமாகப் பெயரை மாற்றி வாசிக்க வைத்தார். கல்லூரித் தலைவரும் ரசித்துக் கேட்டார். ஹேண்டியே இதைத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நமக்கு இது சிரிப்பு மட்டும் இல்லை. ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் நாங்கள் பறை இசைக்க அனுமதி கேட்டபோது, "மங்கல நிகழ்ச்சியில் அது வேண்டாமே" என்று மறுத்தவரும் நம்மில் ஒருவர்தான். அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே முக்கியம் இல்லை. மேலே இருப்பவனின் காதை வாங்கி மாட்டிக்கொண்டு நம் சத்தத்தை நாமே அசிங்கம் என்று கேட்பது, அடிமைத்தனத்தின் கடைசிப் பூட்டு. அந்தப் பூட்டைத் திறந்தால்தான் மற்றது நடக்கும்.

அதைத் திறந்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஃபாஸ்டர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவர். இசைக்குழு நடத்துநர் ஆக வேண்டும் என்றவரிடம், கருப்பர்களுக்கு அந்த வேலை கிடையாது என்று அங்கிருந்த பெரிய பொறுப்பாளர் ஒருவர் சொன்னார். 1946இல் ஃபாஸ்டர் ஃப்ளோரிடாவின் கருப்பினக் கல்லூரிக்குப் போனார். இன்று அது ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம். அங்கே அவர் உருவாக்கியதுதான் 'மார்ச்சிங் 100' என்ற பேண்டு. 1998இல் ஓய்வு பெறும்வரை, ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அதை நடத்தினார்.

என்ன செய்தார் அவர்? ராணுவ நடையின் ஒழுங்கை எடுத்துக்கொண்டார். அதில் தம் மக்களின் உடம்பைச் சேர்த்தார். தொடை தரைக்கு இணையாக வரும் அளவுக்கு முழங்காலை உயர்த்தி வைக்கும் நடை. நடந்துகொண்டே ஆட்டம். வானொலியில் அந்த வாரம் ஒலிக்கும் பாட்டு இந்த வாரமே மைதானத்தில். வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இடுப்புக்கு மேல் அசையாமல் வழுக்கிக்கொண்டு போவதுதான் அழகு. இங்கே உடம்பு முழுவதும் பேசியது. கருப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களில் இடைவேளைக்கு யாரும் தின்பண்டம் வாங்க எழுந்து போகமாட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆட்டம் முடிந்த பிறகும், இரண்டு பேண்டுகளும் எதிரெதிரே நின்று ஒன்றை ஒன்று மிஞ்ச வாசிக்கும். நாலு கால்பகுதி கொண்ட ஆட்டத்தில் இதை 'ஐந்தாவது கால்பகுதி' என்கிறார்கள்.

1967இல் முதல் சூப்பர் பௌல் இறுதிப் போட்டியின் இடைவேளையில் வாசித்த பேண்டுகளில் ஒன்று லூசியானாவின் கிராம்ப்ளிங் என்ற கருப்பினக் கல்லூரியுடையது. 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழா பாரிசில் நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து போய் அணிவகுத்தது ஃபாஸ்டரின் பேண்டு. மேளம் வைத்திருந்தால் தண்டனை என்ற மண்ணில் பிறந்தவர்கள், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய புரட்சியின் விழாவில், பாரிஸ் வீதியில் மைக்கேல் ஜாக்சனின் பின்நடையை ஆடிக்கொண்டு போனார்கள். அந்தக் காட்சியைத் தேடிப் பாருங்கள் தோழர்களே. அந்த மேளமும் அவர்களுடையது, முடிவும் அவர்களுடையது.

இப்போது வெள்ளையர் கட்டிய பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். அங்கேயும் பேண்டு உண்டு, மரபு உண்டு. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற ஒரே ஒரு கருப்பின மாணவரைச் சேர்ப்பதற்கு ராணுவம் வரவேண்டியிருந்தது. கலவரத்தில் இரண்டு பேர் செத்தார்கள். அந்தப் பல்கலைக்கழக பேண்டு பெருமையாக வாசித்த பாட்டு 'டிக்சி'. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கருப்பரைக் கேலி செய்யும் நாடகத்திலிருந்து வந்து, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கத்திப் படையின் கீதம் போலவே ஆகிவிட்ட பாட்டு அது. மெரிடித்துக்குப் பின்னால் கருப்பின மாணவர்கள் பலர் வந்தார்கள், விளையாடினார்கள், வெற்றி தேடித் தந்தார்கள். அந்த வெற்றிக்கும் பேண்டு 'டிக்சி' வாசித்தது. நிறுத்தச் சொன்னால், அது மரபு என்று பதில் வந்தது. 2016இல்தான் நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீதமும் 1903இல் அதே போன்ற கரி பூசும் கேலி நிகழ்ச்சியில் அரங்கேறியதுதான். 2020இல் விளையாட்டு வீரர்கள் அதை மாற்றச் சொன்னார்கள். பேண்டு உறுப்பினர்கள் பலர் வாசிக்க மாட்டோம் என்றார்கள். பணம் கொடுக்கும் பழைய மாணவர்கள் சிலர், பாட்டை எடுத்தால் நன்கொடையை நிறுத்துவோம் என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். பாட்டு நிலைத்தது. வாசிக்க மறுப்பவர்களுக்கு வேறு ஒரு பேண்டு தொடங்கப்படும் என்று 2021இல் பல்கலைக்கழகம் அறிவித்தது. இரட்டைக் குவளை தெரிந்த நமக்கு இந்த ஏற்பாடு புரியும். உன்னை வெளியே போ என்று சொல்லவில்லை, உனக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறேன் என்கிறான்.

இத்தோடு முடித்தால், அவர்கள் பேண்டு கெட்டது, நம் பேண்டு நல்லது என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். அப்படி முடிக்க எனக்கு மனம் இல்லை. உங்களிடம் சொல்ல நினைத்ததே இனிமேல்தான் வருகிறது.

2011 நவம்பர் 19. ஆர்லாண்டோ நகரில் பெரிய ஆட்டம் முடிந்த இரவு. ஃபாஸ்டர் உருவாக்கிய அதே மார்ச்சிங் 100 பேண்டின் பேருந்து ஒன்று விடுதி வாசலில் நின்றது. ராபர்ட் சாம்பியன், வயது 26, பேண்டை முன்னின்று நடத்தும் டிரம் மேஜர்களில் ஒருவர். அந்தப் பேருந்தின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை அவர் நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் நிற்கும் சக உறுப்பினர்கள் அடிப்பார்கள். தாங்கிக்கொண்டு கடந்துவிட்டால் மதிப்பு. அதுதான் அங்கே 'மரபு'. கையால் அடித்தார்கள், வாரால் அடித்தார்கள், மேளக்குச்சியால் அடித்தார்கள். அன்று இரவே அவர் இறந்துபோனார்.

மேளக்குச்சியால் அடித்தார்கள், தோழர்களே. ஒரு காலத்தில் சட்டம் பிடுங்கிய குச்சி. பரம்பரை பரம்பரையாகப் போராடித் திரும்பப் பெற்ற குச்சி. அது கடைசியில் ஒரு கருப்பினப் பிள்ளையின் முதுகில் விழுந்தது. அடித்தவர்களும் கருப்பினப் பிள்ளைகள்.

ஃபாஸ்டர் அந்த பேண்டுக்கு வகுத்த குறிக்கோள்களில் முதலாவது நன்னடத்தை. அடுத்தது படிப்பு. இசையும் நடையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. சுவரில் எழுதியது ஒன்று, பேருந்தில் நடந்தது ஒன்று. பல்கலைக்கழகம் பேண்டை நிறுத்திவைத்தது. 2013 செப்டம்பரில்தான் அது மறுபடி மைதானத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். பலர்மீது வழக்கு. முக்கியக் குற்றவாளிக்கு 2015இல் ஆறு ஆண்டுக்கு மேல் சிறை. உறுப்பினர் பட்டியலில் இருந்தவர்களில் பலர் அந்தப் பல்கலைக்கழக மாணவர்களே இல்லை என்பதும் விசாரணையில் வெளியே வந்தது. பேண்டில் மூத்தவராக இருப்பதே ஒரு பதவி ஆகிவிட்டது, அதை விட்டுப் போக மனம் இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? நிறவெறியர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, பார், இவர்களே இப்படித்தான் என்பார்கள். மூத்த மாணவர்கள் புதியவர்களை வதைப்பது வெள்ளையர் கல்லூரிகளிலும் ராணுவப் பள்ளிகளிலும் காலங்காலமாக இருக்கிறது. நம் ஊரில் 1996இல் பொன். நாவரசு என்ற மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான் பகடிவதைக்கு எதிராகச் சட்டமே வந்தது. எனவே இது ஓர் இனத்தின் குணம் இல்லை. படிநிலை எங்கே இருந்தாலும் அது செய்யும் வேலை. அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். மேலே வாங்கிய அடியை மறக்க வைப்பது கீழே அடிக்கக் கிடைக்கும் ஆள். நான் முதல் ஆண்டில் வாங்கினேன், மூன்றாம் ஆண்டில் கொடுப்பேன் என்பது சாதியின் கணக்கு. சாதியை எதிர்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டே இந்தக் கணக்கைப் போட முடியும் என்பதுதான் எனக்கு அச்சம்.

நேற்று இரவு சாப்பாட்டு நேரத்தில் ஒரு தம்பி என்னிடம் பேசினார். அவருடைய கல்லூரிக் குழுவில், அடி தவறினால் மூத்தவர்கள் தோப்புக்கரணம் போட வைக்கிறார்களாம். பறை காய்ச்சத் தீ மூட்டுவதும் தண்ணீர் தூக்குவதும் எப்போதும் முதல் ஆண்டுப் பிள்ளைகள்தானாம். பெண் தோழர்கள் சலங்கை கட்டி ஆடலாம், முன்வரிசையில் பறை பிடிக்கக் கூடாதாம். "கேட்டால், எங்கள் குழு மரபு அது என்கிறார்கள் அண்ணா" என்றார். அந்தத் தம்பியின் பெயரை நான் சொல்லமாட்டேன். அந்தக் குழுவின் மூத்தவர்களும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. குழு தொடங்கி மூன்று ஆண்டுதானே ஆகிறது, அதற்குள் எப்படி மரபு வந்தது? தோப்புக்கரணம் பெரிய கொடுமை இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பேருந்திலும் முதல் ஆளை யாரும் சாகும்படி அடித்திருக்க மாட்டார்கள்.

அதனால் இந்த முகாம் முடிவதற்குள் நாம் சில முடிவுகள் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தீ மூட்டுவது, பெருக்குவது, தண்ணீர் தூக்குவது எல்லோருக்கும் முறைவைத்து வரட்டும். அதில் மூத்தவர் பெயர் முதலில் இருக்கட்டும். அடி தவறினால் மறுபடி சொல்லிக்கொடுப்போம், உடம்பைத் தண்டிக்க மாட்டோம். முன்வரிசை யாருக்கு என்பதை அடி முடிவு செய்யட்டும். ஆணா பெண்ணா என்பது முடிவு செய்யக் கூடாது. படிப்பு முடிந்தவர்கள் குழுவின் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்று உதவட்டும். அந்த ஃப்ளோரிடா பேண்டும் மீண்டு வந்தபோது, முழுநேர மாணவர்களுக்கு மட்டுமே இடம் என்று விதி வைத்துக்கொண்டது. கடைசியாக, எந்த நிகழ்ச்சிக்கு அடிக்கிறோம், எதற்கு மாட்டோம் என்று குழு முழுவதும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முதல் ஆண்டுப் பிள்ளைக்கும் அதில் ஒரு வாக்கு. மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருப்பவன் அடிக்கும் அடிதான் விடுதலையின் அடி. அந்த உரிமை இல்லாதவன் அடிப்பது பழைய ஊர்க்கட்டளைதான், மேடை மட்டும் புதிது.

மரபு என்று யாராவது சொன்னால் உடனே கைகட்டி நிற்காதீர்கள், உடனே எட்டி உதைக்கவும் வேண்டாம். இது யாரை நிமிர வைக்கிறது, யாரைக் குனிய வைக்கிறது என்று கேளுங்கள். முழங்காலை உயர்த்தி வைத்த அந்த நடை ஒரு மக்களையே நிமிர வைத்தது, அதைக் காப்பாற்றினார்கள். 'டிக்சி' குனிய வைத்தது, அதைத் தூக்கிப் போட ஐம்பது ஆண்டு போராடினார்கள். பேருந்துக்குள் நடந்ததைத் தூக்கிப் போட ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. நமக்கு அவ்வளவு விலை வேண்டாம்.

தேநீர் வந்துவிட்டது. இன்று டம்ளர் கழுவும் முறை மூன்றாம் ஆண்டுத் தோழர்களுடையது. அதற்குப் பிறகு அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள். இன்றைக்குத் தீ மூட்டுவது நான்.